டோஹாவிலிருந்து வந்த தானியம்

காத்தான்குடி றஸீனாவின் மகள் அஸீமாவுக்கு மூன்று வயது. கிளினிக் கார்டில் அவளுடைய நிறைக்கோடு பச்சைப் பட்டிக்குள் ஏறமாட்டேன் என்று எட்டு மாதமாக அடம்பிடித்துக்கொண்டிருந்தது. மூத்தவன் முஹம்மட்டைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. பிறகு பிறந்தது இவள் ஒருத்திதான். இவளையும் விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் றஸீனாவுக்குச் சோறு இறங்குவதில்லை.

சண்டை முடிந்து இரண்டாம் மாதம், டோஹாவில் ஒரு வீட்டுக்கு வாகனம் ஓட்டும் கணவன் றம்ஸீனிடமிருந்து பார்சல் வந்தது. வழியில் சோதனைச்சாவடியில் யாரும் கொட்டிக் கிளறாமல் பார்சல் வந்து சேர்ந்ததே அப்போது பெரிய அதிசயம். சவர்க்காரம், துணிமணிக்கு நடுவே தானியம் நிறைந்த ஒரு கண்ணாடிப் பை இருந்தது. படம் கிடையாது, அறபில் ஒரு தாள் மட்டும் ஒட்டியிருந்தது.

"நல்ல சத்துச் சாமான். புள்ளைக்குக் காச்சிக் குடு" என்று போனில் சொல்லியிருந்தான்.

றஸீனா பதினொரு வயதில் குர்ஆன் ஓதி முடித்தவள். அறபு எழுத்தென்றால் தடங்கலில்லாமல் வாசிப்பாள். பொருள் கேட்டால்தான் திருதிருவென்று முழிப்பாள். தாளை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். அறபு இருக்கிற பையைத் தரையில் வைக்க மனம் வராமல் அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். கடலையும் சோளமும் வறுத்தாள். சூரியகாந்தி விதையை நகம் நோக நோக உரித்தாள். இடையிடையே கிடந்த பச்சைக் கட்டைகளைச் சத்துக் குளிசை என்று தானாகவே முடிவுகட்டி, எல்லாவற்றோடும் சேர்த்து மாவாக இடித்துக் கஞ்சி காய்ச்சினாள்.

இரண்டு மாதத்தில் அஸீமா எழுநூறு கிராம் கூடினாள். மிட்வைஃப் மிஸ்ஸுக்கே வாய் பிளந்துவிட்டது.

"என்னத்தக் குடுத்தீங்க? பேர எழுதிக்கொண்டு வாங்க. மத்த உம்மாமாருக்கும் சொல்லுவம்."

பெருமை தலைக்கேறிய றஸீனா, பக்கத்துத் தெருவில் இருக்கும், அறபுக்குப் பொருள் தெரிந்த சாலிஹ் மௌலவியிடம் பையைக் கொண்டுபோனாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழில் சொல்லத் தொடங்கினார்.

"நிலக்கடலை, சூரியகாந்தி, சோளம், காஞ்ச பட்டாணி. புரதம் நூத்துக்குப் பதினாறு. நல்லந்தான்."

"அந்தப் பச்சைக் கட்ட, மௌலவி?"

"காஞ்ச புல்லு." தாளின் தலைப்புக்கு வந்ததும் அவர் குரல் தாழ்ந்தது. "புள்ள, இது ஹம்ஸ்டருக்குப் போடுற தீன்."

"அது ஆரு?"

"கூட்டுக்குள்ள வெச்சு வளக்கிற எலி."

றஸீனா பையை வெடுக்கென்று பறித்துக்கொண்டாள். அவர் பதறிப்போனார். "நஞ்சில்ல புள்ள, தானியந்தான். ஆனா எலிக்கெண்டு அளந்து போட்ட விற்றமின் புள்ளைக்குத் தோதோ தெரியா. டொக்டரக் கேளுங்க."

வீட்டுக்கு வந்தவள் டோஹாவுக்குப் போன் எடுத்தாள்.

"எலித் தீனயா என்ட புள்ளைக்கு அனுப்பின நீங்க?"

றம்ஸீன் மறுக்கவில்லை.

"தெரிஞ்சுதான் அனுப்பின. மொதலாளிட புள்ள வளத்த எலி செத்து மௌத்தாப் பெயித்து. ரெண்டு பை மிச்சமா இரிந்திச்சி. என்ன சத்தெண்டு அந்தப் புள்ளதான் வாசிச்சிக் காட்டின. நல்ல பைய உனக்கு அனுப்பினன்."

"மத்தப் பை?"

"வீட்டுக்காரங்க ஊருக்குப் பெயித்தாங்க. மூணு மாசமா சோறாக்கிற குசினி பூட்டிக் கிடக்கு. சம்பளமும் அவங்க வந்தாத்தான்."

"மச்சான், மத்தப் பை எங்க?"

"காசில்லாத நாளைக்குத் தண்ணில ஊறப்போட்டுத் திங்கிறன். பழகிட்டு."

ஏசுவதற்கென்று வழிநெடுகச் சேர்த்துக்கொண்டு வந்த சொல்லெல்லாம் அவளுக்கு மறந்துபோனது.

"அத விடு" என்றான் அவன். "புள்ளட நிறை ஏறிச்சா?"

"ஓம். எழுநூறு கிராம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் றம்ஸீன்.

அவனுடைய நிறை இப்போது எவ்வளவு என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.