ஃபெலிசா வீட்டு ஈர நாற்காலி

என் சமையலறை ஜன்னல் ஃபெலிசாவின் சமையலறையைப் பார்த்தபடி இருப்பதற்கு நான் என்ன செய்ய முடியும்? கட்டியவன் அப்படிக் கட்டிவிட்டான். இலோயிலோ துறைமுக நகரத்தில் எங்கள் சந்து ஆண்களில் பாதிப்பேர் கப்பலில். மிச்சம் இருப்பவர்களைக் கவனிக்கவும் ஆள் வேண்டுமே.

ஃபெலிசாவின் புருஷன் டியோனுக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. நாலு வருஷத்துக்கு முன் நடுக்கடலில் காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை. ஏதாவது துறைமுகத்தில் இறங்கி ஓடியிருப்பான் என்றது கம்பெனி. செத்துவிட்டான் என்று கோர்ட் சொன்னால்தான் இழப்பீடு. அது வந்தால்தான் மகள் ஜொவிலினுக்கு இதய ஆபரேஷன். நாலு படி ஏறினாலே உதடு நீலம் பாரித்துவிடும் அந்தப் பெண்ணுக்கு.

சாட்சி? நான்தான், சந்துக்கே மனாங், அதாவது மூத்த அக்கா. இந்தச் சந்தில் என்னைவிட யாருக்கு என்ன தெரியும்?

ஆனால் ஃபெலிசா தினமும் பொழுது சாய்கையில் டியோனுக்கும் தட்டு வைத்தாள்.

"ஏண்டி ஃபெலிசா, கம்பெனி ஆளு முக்குக் கடையில உக்காந்து கோலா குடிச்சுக்கிட்டு எல்லார் வாயையும் கிளறுறான். நீயே சோறு போட்டு வச்சா, செத்துட்டான்னு எவன் நம்புவான்? செத்தவங்களுக்கு வைக்கிற ஒம்பது நாள் ஜெபத்தை வச்சு முடி."

"வச்சா அப்புறம் அவரு வரமாட்டாரு, மனாங்."

"யாருடி?"

"வந்து பாருங்க."

கூப்பிடாமலே போகிறவள் நான். போனேன். டியோனின் நாற்காலி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. டீசல் வாடை வேறு.

"கூரை ஒழுகுதுடி."

"மழை பேஞ்சு மாசக்கணக்காச்சு, மனாங்."

அந்த வாரமே ஜொவிலின் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். ஃபெலிசா கறுப்பு உடுத்தி, டியோனின் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

கடைசி நாள் ஜெபத்துக்குக் கம்பெனி ஆளும் வந்தான். நூடுல்ஸை இரண்டு முறை வாங்கித் தின்றான். அவன் பார்க்கவே ஃபெலிசா டியோனின் தட்டை எடுத்துப் பரணில் போட்டாள், நாற்காலியைத் துடைத்துக் கவிழ்த்தாள். அப்புறம்தான் அழுதாள்.

இழவு வீட்டிலிருந்து யாரும் நேராக வீடு திரும்பமாட்டோம். கடையிலோ கோயிலிலோ கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவோம். இல்லாவிட்டால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். சந்தே கடைப்பக்கம் போயிற்று. எனக்கோ அந்த நாற்காலி இன்றைக்கும் நனைகிறதா என்று ஜன்னலிலிருந்து பார்க்கும் அவசரம். குறுக்கே நடந்து நேராக என் வீட்டுக்குள் போய்விட்டேன்.

ஃபெலிசாவின் நாற்காலி காய்ந்தே கிடந்தது. எனக்குப் பின்னால் தண்ணீர் சொட்டியது, டீசல் வாடையோடு.

கோர்ட்டில் நீதிபதி கேட்டார்: "அவரைப் பத்தி இதுவரைக்கும் ஏதாவது தகவல் உண்டாம்மா?"

"ஒண்ணும் இல்லீங்கய்யா."

தீர்ப்பு இன்னும் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் ஒரு சேதி இருக்கிறது, சொல்ல ஆளில்லை. நேற்றுப் பொழுது சாய்ந்ததும் ஃபெலிசா தன் ஜன்னலில் வந்து நின்றாள்.

"மனாங், ரெண்டு தட்டு தெரியுதே. விருந்தாளியா?"

"அடுத்த வீட்டை என்னடி எட்டிப் பாக்குறே? திரையை இழுத்து விடு."

அவள் இழுக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தபடியே நின்றாள்.