நீலாவின் நஞ்சுக்கொடி

டோல்கேட்டுக்கு வடக்கே, ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய ஆராய்ச்சிக்கூடத்தில் பிலோமி வேலை பார்த்தாள். 1973-ஆம் வருஷம். அவள் ராயபுரத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட கேள்வி கேட்பதற்குச் சின்னது. மனித செல்லுக்குள் ஆர்.என்.ஏ. என்ற பொருள் பல வகையாக இருக்கிறது. எந்த வகை எவ்வளவு இருக்கிறது?

ஒரு வகை, புரதம் தயாராகும் பட்டறையாகவே நிற்கிறது. இன்னொன்று அந்தப் பட்டறைக்குச் சரக்கு சுமந்து வருகிறது. எதைச் செய்ய வேண்டும் என்ற சேதியைக் கொண்டுவருவது மூன்றாவது. எலியிலும் கிருமியிலும் இவற்றை அளந்தவர்கள் உண்டு. மனிதத் திசுவில் அளக்கத் திசு வேண்டுமே. யாரையும் அறுக்காமல் தாராளமாகக் கிடைப்பது, பிள்ளை பிறந்தபின் வெளியே வரும் நஞ்சுக்கொடிதான்.

கிடைத்தாலும் அதைக் காப்பாற்றுவது கஷ்டம். கொஞ்சம் சூடு பட்டாலும், கை வேர்வை பட்டாலும் ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். சர்க்கரைக் கரைசலின் மேல் ஊற்றி, சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரத்தில் அதிவேகமாகச் சுற்றினால் ஒவ்வொரு வகையும் தன் எடைக்கேற்ற ஆழத்தில் போய் நிற்கும். அளந்து படம் வரைந்தால் தனித்தனி மேடுகள் எழும்ப வேண்டும். பிலோமியின் படங்களிலோ ஒரே சரிவுதான் வந்துகொண்டிருந்தது. எல்லாம் வழியிலேயே சிதைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

நெடுஞ்சாலையை ஒட்டிய பிரசவ ஆஸ்பத்திரியில் சிலுவையம்மாள் ஆயாவாக இருந்தாள். பிலோமியின் மாதா கோயில்தான் அவளுக்கும். வலி எடுத்து வரும் பெண்களிடம் பிலோமியைக் கூட்டிப்போவது அவள்தான். கேட்காமல் எடுப்பதில்லை என்று பிலோமி ஒரு வழக்கம் வைத்திருந்தாள். சிலர் முடியாது என்பார்கள். சிலர் சிரிப்பார்கள்.

நீலா சிரித்தவள். காசிமேட்டில் கடலுக்குப் போகும் பொன்னுரங்கத்தின் மனைவி. முதல் பிரசவம். வலிக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"அத்த வச்சிகினு இன்னாக்கா பண்ணுவே?"

"ஒடம்புக்குள்ள சேதி எப்படிப் போவுது, எவ்ளோ போவுதுன்னு பார்க்கறேன், நீலா."

"எடுத்துக்கோ. எனக்கு எதுக்கு அது? எனக்குப் புள்ள போதும்."

மறுநாள் காலையில் சிலுவையம்மாள் ஆஸ்பத்திரிப் பின்வாசல் வழியாக நீலாவின் நஞ்சுக்கொடியை எனாமல் வாளியில் கொண்டுவந்தாள். அதுவரை எதுவும் அவ்வளவு சீக்கிரமாகக் கைக்கு வந்ததில்லை. மீனுக்குப் போடும் ஐஸை உடைத்துப் பெட்டி நிறைய வைத்திருந்தாள் பிலோமி.

"புள்ள இன்னா?" என்று கேட்டாள்.

"இன்னும் அழுவல. டாக்டரம்மா பாத்துகினு கீறாங்க. நீ கெளம்பு, ஐஸ் கரையுது."

பிலோமி தயங்கினாள். பிறகு கிளம்பிவிட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் எல்லாம் சரியாக நடந்தது. ஒரு கையளவு திசுவை வெட்டி, குளிரில் அரைத்து, பீனால் என்ற காட்டமான மருந்தில் கலக்கிப் பிரித்தாள். மேலே நின்ற தெளிந்த நீரில் ஆல்கஹாலை ஊற்றியதும் வெள்ளைவெளேரென்று பஞ்சு போலத் திரண்டது. அப்படி ஒரு வெண்மையை அவள் பார்த்ததே இல்லை. துறைத் தலைவர் டாக்டர் ஞானத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இந்தத் தடவை மேடு வரும்" என்றார் அவர். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

மூன்று மணி ஷிப்டுக்குப் பக்கத்து ஆலையில் சங்கு ஊதியபோது, வாசலில் ஒரு ஆள் நிற்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னான். கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு. கண்கள் சிவந்திருந்தன.

"நான் பொன்னுரங்கம். நீலா வூட்டுக்காரன். புள்ள பூட்ச்சிம்மா."

பிலோமி படியிறங்கி அவன் பக்கத்தில் போனாள்.

"ஆம்பளப் புள்ள. அழவே இல்ல. பொழுது சாயறதுக்குள்ள பொதைக்கணும். எங்க வூட்ல புள்ளயும் கொடியும் ஒண்ணாத்தான் போவணும். ஆயா ஒங்கையில குடுத்தேன்னு சொல்லிச்சி. நீலா சரின்னு சொன்னது எனக்குத் தெரியும். நான் சண்டைக்கு வரல."

அவன் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. உள்ளே கூட்டிப்போய், ஐஸ் பெட்டியில் மீதி இருந்ததைக் காட்டினாள். ஏறக்குறைய முழுசாகவே இருந்தது. ஒரு ஓரம் மட்டும் வெட்டுப்பட்டிருந்தது. அவன் பார்வை அங்கேயே நின்றது.

"இது?"

"அந்தத் துண்டத்தான் அரைச்சிட்டேன், அண்ணே. அதுல இருந்து எடுத்தது அந்த மெஷின்ல ஓடுது. கண்ணுக்குத் தெரியாது. தண்ணி மாதிரிதான் இருக்கும்."

"அதுவும் அவன்தானே" என்றான் பொன்னுரங்கம்.

டாக்டர் ஞானம் கதவருகில் நின்றிருந்தார். பிலோமியை வராந்தாவுக்கு அழைத்தார். "பெரும்பகுதியைக் கொடுத்தாகிவிட்டது. ஓடுகிறதை நிறுத்தினால் எல்லாம் கலந்து வீணாகிவிடும். அந்தத் துளியில் அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது? சாயங்காலம் வரை காத்திருக்கச் சொல்" என்றார். அவர் கல்நெஞ்சர் இல்லை. பெங்களூர் மாநாட்டுக்கு அனுப்ப ஆய்வு முடிவு எதுவும் இல்லாமல் இருவருமே திண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"சாயங்காலம் அவங்க பொதைச்சிருப்பாங்க, சார்" என்றாள் பிலோமி.

உள்ளே போய் விசையை அணைத்தாள். அவ்வளவு வேகத்தில் சுற்றியது உடனே நிற்காது. பொன்னுரங்கம் பக்கத்தில் வந்து நின்றான். ஓலம் மெல்ல மெல்ல இறங்கியது. முழுதாக அடங்கியது. பிறகு அவள் குழாய்களை எடுத்து, எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றினாள். மிச்சமிருந்த வெள்ளைப் பஞ்சையும் போட்டாள்.

"மருந்து கலந்த கசடு கொஞ்சம் கீது. அது கையில பட்டா வெந்துடும், அதை மட்டும் குடுக்க மாட்டேன். மத்தது எல்லாம் இதுல இருக்கு."

அவன் தலையசைத்தான். புட்டியை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டான். வாசல் வரை போனவன் திரும்பினான்.

"நீயும் வாயேம்மா."

ரிக்‌ஷாவில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனாள். இடுகாட்டில் நாலைந்து ஆண்கள்தான் இருந்தார்கள். பெண்கள் அங்கே வரும் வழக்கமில்லை என்று அவளுக்குத் தெரியும். சுவருக்கு வெளியே நின்றுகொண்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. வெள்ளைத் துணிப் பொட்டலம் ரொம்பச் சின்னதாக இருந்தது. அவள் தனக்குத் தெரிந்த ஜெபத்தை வாய்க்குள் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து வார்டுக்குப் போனாள். நீலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பால் கட்டி, மார்பில் துணி இறுக்கியிருந்தார்கள்.

"அக்கா, அதுல இன்னா தெரிஞ்சிது?"

"எதுவும் பார்க்கல நீலா. எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

"எம் புள்ள ஏன் போச்சின்னு அதுல இருந்திருக்குமா?"

ஆமாம் என்றோ, இருக்கலாம் என்றோ சொல்லியிருக்க முடியும். பிலோமி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "இல்ல. நான் பார்க்கறது அது இல்ல. எது எவ்ளோ இருக்குன்னு மட்டுந்தான் எனக்குப் பார்க்கத் தெரியும். ஏன் போச்சின்னு சொல்ல எனக்குத் தெரியாது."

நீலா வெகுநேரம் அழுதாள். பிலோமியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாள்.

மாநாடு அவர்கள் இல்லாமல் நடந்தது. டாக்டர் ஞானம் ஒரு வாரம் அவளோடு அளவாகத்தான் பேசினார். பிறகு ஒருநாள் டீயை அவள் மேஜைக்கே அனுப்பிவைத்தார். பிலோமி கேட்கும் முறையை மாற்றிக்கொண்டாள். முன்கூட்டிக் கேட்பாள். பிள்ளை அழுதபின், தாய் கண் திறந்து பேசியபின் இன்னொரு தடவையும் கேட்பாள். அதற்குள் ஐஸ் கரையும், பல மாதிரிகள் கெடும். கெடட்டும் என்று விட்டாள்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் சிலுவையம்மாள் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"நீலாவுக்குப் பொண்ணு பொறந்துகீது. ஒன்ன இட்டாரச் சொன்னா."

பிலோமி போனபோது குழந்தை வார்டே அதிரும்படி அழுதுகொண்டிருந்தது. பொன்னுரங்கம் கட்டிலுக்குக் கீழே தகரப் பெட்டியை இழுத்துக் காட்டினான். பாளம் பாளமாக ஐஸ். நடுவில் மூடிய சட்டி.

"காலைலயே ஐஸ் கம்பெனில சொல்லிவச்சேன்" என்றான்.

"பாதி நீ எடுத்துனு போ" என்றாள் நீலா. "பாதி அவரு எடுத்துனு போயிப் பொதைக்கட்டும். எங்க வூட்டுப் பெரியவங்களாண்ட பேசிட்டாரு."

"நான் கேக்கவே இல்லையே, நீலா."

"நீ கேக்க மாட்டேன்னு தெரிஞ்சிதான் சொல்லி அனுப்பிச்சேன்."

அந்தத் தடவை மேடுகள் வந்தன. பெரிது ஒன்று, அதைவிடச் சற்றுச் சின்னது ஒன்று. இரண்டும் பட்டறை வகை. மொத்தத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அவைதான். சரக்கு சுமப்பது பதினைந்து போல. சேதி கொண்டுவரும் வகைக்குத் தனி மேடு இல்லை. மற்றவற்றுக்கு அடியில் ஒளிந்திருந்தது. அதை மட்டும் பிடித்துவைக்கும் ஒரு புதுப் பொருளை டாக்டர் ஞானம் வெளிநாட்டு நண்பர் ஒருவரிடமிருந்து வரவழைத்திருந்தார். அதில் வடித்தபோது நூற்றுக்கு இரண்டுகூடத் தேறவில்லை. பிலோமி பல தடவை அளந்தாள். அதே விடைதான்.

குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடந்தபோது நீலா அவளைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். பிலோமி படத்தை விரித்து ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"சேதி சொல்றது இத்தினிக்கூண்டுதானா?"

"அவ்ளோதான். மீதி எல்லாம் அந்தச் சேதிய வேலையாக்கறதுக்கு."

நீலா யோசித்தாள். "வூட்லயும் அப்படித்தானே. அவரு ஒரு வார்த்த சொல்லிட்டுக் கடலுக்குப் பூடுவாரு. நாள் முச்சூடும் நாந்தான் பண்ணிகினு கெடக்கறேன்."

பிலோமி வாய்விட்டுச் சிரித்தாள். குழந்தை அவளையே பார்த்தது.

"இது முடிஞ்சா நீ வேற ஊருக்குப் பூடுவியா, அக்கா?"

"தெரியல. வெளியூர்ல வேலைக்குக் கேட்டிருக்காங்க."

"போனா போ. அதுக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி வூட்டுக்கு வா. ஒன் மாப்ளைக்கு ஒரு நெத்திலிக் கொழம்பு வைக்கக் கத்துக்குடுக்கறேன்."

"மாப்ளயே இல்லியே."

"கொழம்பு கொதிக்கட்டும், வாசத்துக்கே வருவான்" என்று சொல்லி, குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள் நீலா.