கடைசி பெஞ்சு

அவருக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் கல்லூரி முழுக்க அவர் "புது சார்"தான். தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். அவரைவிட வயதில் சிறியவளை அவருக்கு வழிகாட்டியாகப் போட்டார் துறைத்தலைவர். அவள் கணவன் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "வேலையில இறங்கிட்டா மனசு தேறிடும்மா" என்றார். சொல்பவருக்குச் செலவில்லாத ஆறுதல்.

புது சாரின் வேலை நிரந்தரமாவது அவள் சொல்லப்போகும் வார்த்தையில் இருந்தது. அதற்காக அவருடைய வகுப்பில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். மின்விசிறி சுற்றியது. அழுகையும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. மணி அடித்ததும் எழுந்து வெளியே வந்தாள்.

"எப்படி இருந்துச்சு மேடம்?" வராந்தாவில் அவர் கேட்டார்.

"நல்லா இருந்துச்சு சார். தெளிவா நடத்தினீங்க. அப்படியே எழுதிக் கொடுத்துடறேன்."

வேறொருவராக இருந்தால், வந்தவரை லாபம் என்று நழுவியிருப்பார். இந்த மனிதர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே நின்றார்.

"மேடம், பாதி வகுப்பு நான் பேசவே இல்ல. கணக்கு நடுவுல மறந்துபோச்சு, போர்டையே பாத்துட்டு நின்னேன். பசங்க சிரிச்சாங்க. உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது, வெட்கம் வரவில்லை. பயம் மட்டும் எங்கோ தூரத்தில் எட்டிப்பார்த்தது. தன் வகுப்பில் தானும் இப்படித்தான் நிற்கிறோமா? அவளைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். பாவம் என்று பொறுத்துக்கொண்டிருப்பார்கள்.

"அடுத்து எனக்கு வகுப்பு சார். நீங்க வந்து பின்னாடி உக்காருங்க. நான் நடுவுல பேசாம நின்னுட்டா கையைத் தூக்குங்க."

"சரி மேடம். எனக்கும் நீங்க அதே மாதிரி பண்ணுங்க. எழுதறதை அப்புறம் பாத்துக்கலாம்."

வந்து உட்கார்ந்தார். அவள் படம் வரைந்தாள், அம்புக்குறி போட்டாள், விளக்கினாள். தடங்கல் இல்லாமல் போய்க்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தாள்.

திரும்பியபோது புது சாரின் கை உயர்ந்திருந்தது. எவ்வளவு நேரமாகத் தூக்கியிருந்தாரோ, வலித்த கையை மற்றொரு கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.