மண்டியில் பயாஸ்கோப்

ஆம்பூர் கடைத்தெருவில் அந்த இடம் முதலில் மாட்டுவண்டிகளை அவிழ்த்துவிடும் வெற்று மனையாகக் கிடந்தது. 1896-இல் சர்தார் பாஷா அதை வாங்கிச் சுவர் எழுப்பி, ஓடு வேய்ந்து, தோல் மண்டி வைத்தார். உப்புப் போட்ட ஆட்டுத்தோல்கள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. எதிர் வரிசை ஜவுளிக் கடைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்களே தவிர, சண்டைக்கு வரவில்லை. தோல் வேலை செய்பவர்கள் வாங்கும் வேட்டி புடவையில்தான் அவர்கள் கடையும் ஓடியது.

விஷக்காய்ச்சல் பரவிய ஆண்டில் பாஷா இறந்தார். இடம் அவர் மனைவி ஹலீமா பீக்கு வந்தது; வியாபாரத்தை அவள் தம்பி ஜான் பாஷா பார்த்துக்கொண்டான். பெண்கள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாத கோஷா வழக்கம் உள்ள குடும்பம். தன் மண்டியை அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே தோலை உதறி அடுக்கும் மரியம்மாள்தான் சாயங்காலங்களில் அவள் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து, அன்று நடந்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லுவாள்.

1930 வாக்கில் சீமையில் தோல் வாங்க ஆளில்லாமல் போயிற்று. மண்டியைப் பூட்டினார்கள். அரக்கோணத்திலிருந்து ஆதிகேசவன் என்பவர் வந்து, பயாஸ்கோப் என்ற ஊமைப்படம் காட்ட அந்த இடத்தை வாடகைக்கு எடுத்தார். சுவருக்கு இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தார், சாம்பிராணி போட்டார். தோல் வாடை பாதிதான் போயிற்று. ஆனாலும் கூட்டம் வந்தது.

மரியம்மாளும் போனாள். ஆதிகேசவன் வாசலிலேயே நிறுத்தினார்.

"இன்னாம்மா, நீங்கள்லாம் உள்ள வந்தா ஜவுளிக்கடை வீட்டுப் பொம்பளைங்க எழுந்து போய்டுவாங்க. உங்க ஆளுங்களுக்குன்னு ஒருநாள் தனியா போட்றேன், அப்ப வா."

அவள் வழக்கம்போல் பின்வாசலுக்குப் போய், நடந்ததைச் சொன்னாள்.

ஹலீமா பீ, "நாளைக்கு ரெண்டு பேரும் போவோம்" என்றாள்.

"கொட்டாய்க்கா? உங்க தம்பி ஒத்துக்குவாரா, பீபீம்மா?"

"பர்தா இருக்குது, வண்டி இருக்குது. அவன்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கணும்?"

மறுநாள் திரை போட்ட வண்டி கொட்டகை முன் நின்றது. இடத்துக்காரியே வந்திருக்கிறாள் என்றதும் ஆதிகேசவன் ஒதுங்கி வழிவிட்டார். பெண்கள் பக்கம் போய்ப் பாயில் உட்கார்ந்த ஹலீமா பீ, மரியம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"இவ்ளோ பெருசா?"

"ஆமாம்மா. தோல் இருந்தப்ப இருட்டா இருக்கும், தெரியாது."

படம் தொடங்கியது. ஒரு பெண் ஆற்றில் விழுந்தாள். அந்த நேரத்தில் முன்வரிசையில் ஜவுளிக்கடை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், மரியம்மாளைத் திரும்பிப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார்கள். அவர்கள் பின்னால் மற்றவர்களும் எழுந்தார்கள். ஆதிகேசவன் படத்தை நிறுத்தி விளக்கேற்றினார்.

"போடுப்பா, நாங்க ரெண்டு பேரு இருக்கோம்ல" என்றாள் ஹலீமா பீ.

அவர் போடவில்லை.

அதற்குப் பிறகு ஜவுளிக்கடை வீட்டார் வரவில்லை. தோல்காரர்கள் வந்தார்கள், ஆனால் வேலை இல்லாத காலத்தில் எத்தனை நாள் வருவார்கள்? மழைக்கு முன்பே ஆதிகேசவன் மெஷினைக் கட்டிக்கொண்டு அரக்கோணம் போய்விட்டார். தம்பி ஜான் பாஷா, "எல்லாத்தையும் பேஜார் பண்ணிட்டியே அக்கா" என்று கத்தினான். இடம் பூட்டிக் கிடந்தது. ஹலீமா பீக்கு வருத்தம்தான். ஆனால் போனது தப்பு என்று அவள் சொல்லவில்லை.

1934-இல் ஒரு பஸ் முதலாளி அதை ஷெட்டாக எடுத்தார். மரியம்மாளுக்கு அங்கே பெருக்குகிற வேலை கிடைத்தது. ஒருநாள் பின்வாசலில் ஹலீமா பீ கேட்டாள்:

"ஆத்துல விழுந்தாளே, அந்தப் பொண்ணு பொழச்சாளா?"

"தெரியலியே. வேலூர்ல கொட்டாய் இருக்குதாம். பஸ்ஸு நம்ம எடத்துலேர்ந்துதான் கெளம்புது."

அடுத்த வாரம் இருவரும் போனார்கள். அங்கே வேறு படம், பேசும் படம். வேலூரில் அவர்களை யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.