துணி வெட்டுகிற கத்தரிக்கோல்

என் கத்தரிக்கோலைக் காணவில்லை என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அது இவருடைய தலையணைக்கு அடியில் இருந்தது. துணி வெட்டுகிற கத்தரிக்கோல். அதில் காகிதம் பட்டால் மழுங்கிப்போகும், பிறகு துணியைக் கடித்துக் கடித்து மெல்லும். தையல் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கட்டின புருஷனுக்கு மட்டும் தெரியாது. அதை வைத்து வண்ணக் காகிதத்தில் பெரிய இலை ஒன்றை வெட்டி, அந்த இலையையும் போர்வைக்குள் ஒளித்துவைத்திருந்தார். திருடித் தின்ற பிள்ளை மாதிரி முழித்தார்.

"கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?"

"கேக்க வெக்கமா இருந்துச்சு," என்றார்.

வெட்கப்படுகிற ஆளா இவர்? ஆளுயரக் கேன்வாஸ்களில் ஏணி போட்டு ஏறி, வாளி வாளியாக வண்ணத்தை அள்ளி அடித்தவர். நவீன ஓவியம் என்று யார் பேச்செடுத்தாலும் இவர் பெயரைச் சொல்லாமல் முடிக்க மாட்டார்கள். போன மழைக்காலத்தில் அந்த ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் நிற்க முடியவில்லை. எண்ணெய் வண்ணத்தின் நெடி வேறு நெஞ்சைக் கட்டுகிறது, அந்தப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாய்ந்து உட்கார்ந்து மடியில் பலகையை வைத்துக் காகிதம் வெட்டலாம். அது ஒன்றுதான் மிச்சம்.

கத்தரிக்கோல் போனால் போகிறது என்று அவருக்கே விட்டுவிட்டேன். அன்றிலிருந்து நான் கூட்டாளி. தடித்த காகிதத்தில் நெடி இல்லாத தண்ணீர் வண்ணத்தைப் பட்டைத் தூரிகையால் பூசிக் கொடியில் காயப்போடுவது என் வேலை. காய்ந்த தாளை எடுத்து அவர் வெட்டுவார். முன்னால் ஒரு கோடு கூடப் போட மாட்டார். இடது கை காகிதத்தைச் சுழற்றிக் கொடுக்கும், வலது கையில் கத்தரி இருந்த இடத்திலேயே வாயைத் திறந்து மூடும். பாசி, பறவை, பெயர் வைக்க முடியாத ஏதோ ஒரு வளைவு என்று மடியில் விழுந்துகொண்டே இருக்கும். அவற்றை எதிர்ச்சுவரில் நான் குண்டூசியால் குத்துவேன். "கொஞ்சம் மேல. இல்ல இல்ல, பழைய எடத்துலயே வை," என்று என் உயிரை வாங்குவார்.

என் கண்ணுக்கு, அவர் ஆயுசில் செய்ததிலேயே இதுதான் அழகு. அவருக்கோ இது அவமானம். சின்னப் பிள்ளைகள் வேலை என்பார். வாசல் மணி அடித்தால் போதும், "போர்வைய இழுத்து விடு!" என்று பதறுவார். சுவரை மறைப்பதற்காகப் பழைய போர்வை ஒன்றைக் கயிற்றில் மாட்டியிருந்தேன். குழாய் ரிப்பேருக்கு வந்தவருக்குக் கூட இழுத்து மறைத்திருக்கிறேன். அவர் பார்த்துவிட்டுப் பத்திரிகையில் விமர்சனமா எழுதப்போகிறார்?

இவ்வளவு பதற்றத்துக்கும் காரணம், தாடி என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவர். இவரோடு ஒன்றாக ஓவியம் படித்த சிநேகிதர். பல வருடங்களுக்கு முன்னால் தாடி, செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கேன்வாஸில் ஒட்டி ஒரு கண்காட்சி வைத்தார். நண்பனாயிற்றே என்று திறப்பு விழாவில் பேச இவரைக் கூப்பிட்டார். இவர் மேடையேறி, "தூரிகை பிடிக்கத் தெரியாம கத்தரிக்கோல் பிடிக்கறவன் தையல் கடைக்கு வேலைக்குப் போகலாம்," என்றார். அரங்கமே சிரித்தது. தாடியும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார். பாவம், வேறு என்ன செய்வார்?

போன வாரம் அந்தப் போர்வையை நான் துவைத்து மாடியில் காயப்போட்டிருந்த நேரமாகப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் தாடி வந்து நின்றார். நான் வழிமறிப்பதற்குள் நேராக அறைக்குள் போய்விட்டார்.

"என்னடா, எப்படி இருக்கே?" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். சுவர் முழுக்க நீலம், அதற்குள் நீந்துகிற மஞ்சள். இவர் கை கத்தரிக்கோலைக் கால்மேல் கிடந்த போர்வைக்குள் தள்ளிவிட்டதை நான் பார்த்தேன்.

"யாருடா செஞ்சது இது?"

இவர் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. "அவதான். பொழுது போகலன்னு எதையோ வெட்டிக்கிட்டு இருக்கா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுக்க வாயெடுப்பதற்குள் தாடி என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணி! இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க இவ்வளவு நாளா? இவன் ஏணி ஏறி ஏறித் தேடினது உங்க கைக்குச் சும்மா வந்திருக்கே. ஒரு எடத்துலயாவது தயக்கம் இருக்கா பாருங்க."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு வந்த ஓவியர்கள் எல்லாரும் என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள், கருத்துக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் அது என் கையால் ஆனதாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று இருந்தது. அப்படி நினைத்ததற்கே எனக்கு முகம் சுட்டது.

இவர் முகத்தையும் பார்க்க வேண்டுமே. அத்தனை புகழ்ச்சியும் காதில் விழுகிறது, கை நீட்டி வாங்கிக்கொள்ள வழியில்லை.

"அண்ணி, என் கண் முன்னால ஒண்ணே ஒண்ணு வெட்டிக் காட்டுங்க," என்றார் தாடி.

இவர் போர்வைக்குள்ளிருந்து கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒரு நீலத் தாளை மேசையில் விரித்தேன். வெட்டுவது எனக்கென்ன புதிதா? கல்யாணத்துக்கு முன்பிருந்தே தையல்தான் எனக்குச் சோறு போட்டது, இவர் படம் விற்காத காலத்தில் இவருக்கும் சேர்த்துப் போட்டது. தாளை நீவிவிட்டேன். கை தானாக இழுப்பறைக்குப் போய்ச் சாக்கட்டியை எடுத்தது. கோடு போடாமல் நான் எதன் மேலும் கத்தரி வைத்ததே இல்லை. ஒரு இலையின் பாதியை வரைந்திருப்பேன்.

"கோடு போடாதே!"

அலறினார் இவர். "கோடு போட்டா செத்துப்போயிடும்! காகிதத்தைத் திருப்பு, கத்தரியத் திருப்பாதே. பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருக்கே தெனமும்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தாடி இவருடைய வலது கட்டைவிரலைப் பார்த்தார். கத்தரி வளையம் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன விரல். அதை இவர் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"என்னுதுதான்டா," என்றார் கடைசியில். "வண்ணம் அவ பூசறா, வெட்டறது நான். அன்னைக்கு மேடையில உன்னை அப்படிப் பேசிட்டு, இன்னைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இதை என்னுதுன்னு சொல்றது?"

தாடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீன்னு தெரிஞ்சிருந்தா இவ்வளவு புகழ்ந்திருக்க மாட்டேன். எனக்கு வாய் வந்திருக்காது," என்றார். "அண்ணின்னு நெனச்சு மனசுல பட்டதைச் சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான், எடுத்துக்கோ."

"மன்னிச்சிடுடா."

"என்கிட்ட எதுக்குடா மன்னிப்பு? நான் என்ன தையல் கடையா வெச்சிருந்தேன்?"

தமாஷுக்குத்தான் சொன்னார், சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். இவரும் சிரிக்கப் போனார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. என் கையில் இருந்த சாக்கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீயும் வந்திருந்தே, இல்ல?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் இப்போதுதான் கேட்கிறார்.

"ரெண்டாவது வரிசை," என்றேன். "மேடையில நீங்க போட்டிருந்த சட்டை நான் தச்சதுங்க."

தாடி எழுந்து போய், சுவரில் ஏதோ ஒரு குண்டூசியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். இவர் தலை நிமிரவில்லை. எனக்கும் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. மாடிக்குப் போய்க் காய்ந்த போர்வையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"மாட்டட்டுமா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சுவர் அப்படியே திறந்து கிடந்தது. என்னிடமிருந்து போர்வையை வாங்கி, தன் முகத்தின் மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.