கேட்டதும் சொல்லாத பதில்

லிஃப்ட் மெக்கானிக்கிடம் மூன்று பதில்கள் இருந்தன. மூன்றுமே அவனை ஜெயிலில்தான் கொண்டுபோய் விடும்.

கதவு சுவிட்சில் ஒயர் போட்டது யார் என்று கோர்ட்டில் கேட்பார்கள். ‘நான்தான், மேனேஜர் சொல்லி’ என்றால் அவனும் குற்றவாளி. ‘தெரியாது’ என்றால் பொய்ச் சாட்சி. வாயே திறக்காவிட்டால் கோர்ட் அவமதிப்பு.

அந்த சுவிட்ச் எளிமையானது. கதவு முழுக்க மூடினால்தான் அதில் மின்சாரம் ஓடும். ஓடினால்தான் லிஃப்ட் நகரும். கதவு பழுதாகி லிஃப்ட் அடிக்கடி நின்றதால், சுவிட்சின் இரு முனைகளையும் துண்டு ஒயரால் இணைத்துவிடச் சொன்னார் கட்டட மேனேஜர்; அவனும் இணைத்தான். மூன்றாம் நாள் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் கிளம்பியது. துப்புரவு வேலை பார்த்த பெண் செத்துப்போனாள். வழக்கு மேனேஜர் மேல்; மெக்கானிக் அதில் சாட்சி.

கோர்ட் வராந்தாவில் அவன் மனைவியின் தங்கை, கறுப்புக் கோட்டோடு அவனை மடக்கினாள். அவள் ஒரு வக்கீல்.

“மாமா, எதைக் கேட்டாலும் பட்டுனு சொல்லி அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்குவீங்களே, அந்தப் பழக்கத்த இன்னைக்கு மூட்டை கட்டி வைங்க.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“ஐயோ, இல்ல! மொதல்ல மாட்டேன்னு சொல்லுங்க. ஏன்னும் சொல்லுங்க. ஜட்ஜ் உத்தரவு போட்டப்புறம் முழுசா கொட்டிடுங்க.”

“எப்படியும் சொல்லத்தானே போறேன்? எதுக்கு இந்த நாடகம்?”

அவள் பதில் சொல்வதற்குள் சேவகர் அவனைக் கூப்பிட்டுவிட்டார்.

கூண்டுக்கு எதிரே மேனேஜர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அரசு வக்கீல் கேட்டார்: “அந்த ஒயரப் போட்டது யாரு?”

‘நான்’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினான்.

“சொல்ல மாட்டேங்க ஐயா. சொன்னா அது எனக்கே குத்தமா வந்து விடியும்.”

மேனேஜர் முகத்தில் சிரிப்பு படர்ந்தது. அவருடைய வக்கீல் துள்ளி எழுந்தார். “அவரே வேணாங்கறார், விட்டுடலாமே!”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். மெக்கானிக்கின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“விட முடியாது. நீங்க பதில் சொல்லித்தான் ஆகணும். இது என் உத்தரவு.”

“நான்தாங்க போட்டேன். வேணாம்னு சொன்னேன். போடலைன்னா வேலை கிடையாதுன்னார், அதோ உக்காந்திருக்காரே, மேனேஜர்.”

சிரிப்பு நின்றுபோயிற்று. நீதிபதி தட்டச்சர் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

“சாட்சி பதில் சொல்ல மறுத்தார். நீதிமன்றம் கட்டாயப்படுத்திய பிறகே சொன்னார். ஆகவே இந்தப் பதில் குற்றம் சாட்டப்பட்ட மேனேஜருக்கு எதிரான சாட்சியம். பொய்ச் சாட்சி சொன்னதாக வரும் வழக்கைத் தவிர, வேறு எந்த வழக்கிலும் இதைச் சாட்சிக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது.”