சீறும் பெட்டியும் சேற்றுக் குளியலும்

பருத்தி ஆலைத் தெருவில் மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயரும் நேரம் பார்த்துத்தான் அந்த மஞ்சள் எரிவாயுப் பெட்டி சீற ஆரம்பிக்கும். முதலில் யாரோ பல்லிடுக்கில் காற்றை இழுப்பது போல இருக்கும். பிறகு கோபித்துக்கொண்ட பூனை மாதிரி. அதற்குப் பிறகு வாடை. அழுகிய முட்டைக்கோஸ் வாடை மதிலைத் தாண்டித் தன் முற்றத்தில் இறங்கியதும், போஸ்தான் அக்கா கட்டிலில் படுத்தபடியே போனை எடுப்பாள். ஊரின் இன்னொரு மூலையில் சபர்கெல்தியின் சட்டைப்பைக்குள் மணி அடிக்கும். யார் என்று அவன் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

"உன் பெட்டி கத்துது தம்பி."

"என் பெட்டி இல்லக்கா. அரசாங்கத்துப் பெட்டி."

"அரசாங்கத்தோட நம்பர் எங்கிட்ட இல்ல. உன் நம்பர்தான் இருக்கு. கிளம்பி வா."

சபர்கெல்தி கிளம்பி வருவான். எரிவாயு அலுவலகத்தில் அவனுக்கு அதுதான் வேலை. வாழ்நாளெல்லாம் குழாய்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தே அவன் முழங்கால் இரண்டும் போய்விட்டன. சைக்கிளில் இருந்து இறங்கும்போது அவை போடும் சத்தம் தெருவுக்கே கேட்கும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மொல்லகாரா ஏரிக்கரையில் உப்புச் சேற்றில் கழுத்துவரை புதைத்துப் படுக்க வைத்து முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கிறார்களே, அங்கே போக வருஷக்கணக்காக மனுப்போட்டு, இந்தக் கோடையில்தான் இடம் கிடைத்திருந்தது. அதற்குள் இந்தப் பெட்டி வந்து குறுக்கே நின்றது.

"போ, வேண்டாம்னு நான் சொல்லல" என்றார் மேலாளர் அன்னாதுர்தி. அவரும் களைத்த மனிதர்தான். மேசைமேல் கன்னத்தை வைத்துத் தூங்கியே கன்னத்தில் ஒரு பக்கம் கோடு விழுந்துவிட்டது. "ஆனா அந்தப் பெட்டி வாய மூடினப்புறம் போ. நீ போயிட்டா அந்தக்கா எனக்குல்ல போன் பண்ணும்."

பெட்டிக்குள் இருக்கும் விஷயம் ரொம்பச் சின்னது. பெரிய குழாயில் முரட்டுத்தனமாக வரும் வாயுவை, அடுப்புகள் தாங்கும் அளவுக்கு அடக்கித் தெருவுக்குள் விடுவது ரெகுலேட்டர். அது அசந்துபோய்த் தெருவுக்குள் அழுத்தம் ஏறினால், பக்கத்தில் இருக்கும் ரிலீஃப் வால்வு வாயைத் திறந்து, மேலே நீட்டிய குழாய் வழியாகக் கொஞ்சத்தை ஆகாயத்துக்கு விடும். அதுதான் சீறல். அதையும் மீறி ஏறினால் மூன்றாவதாக ஒரு வால்வு படாரென்று விழுந்து தெரு முழுவதற்கும் வாயுவை நிறுத்திவிடும். ஒருமுறை விழுந்தால் ஆள் வந்து கையால் தூக்கினால்தான் எழும்.

இந்தப் பெட்டி பல வருஷம் வாயே திறக்காமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. வாயு இலவசமாக இருந்த காலத்தில் தீக்குச்சிதான் காசு. ஆகவே காலையில் ஒரு குச்சியைக் கிழித்து அடுப்பைப் பற்றவைத்தால் அது எரிந்துகொண்டே இருக்கும். சமையல் இருந்தாலும் எரியும், இல்லாவிட்டாலும் எரியும். பல வீடுகளில் அந்த ஒரு குச்சி எந்த வருஷம் கிழித்தது என்று கேட்டால் பதில் வராது. பிறகு மீட்டர் வந்தது. தீக்குச்சி மலிந்துபோனது. இப்போது டீ கொதித்த மறுநிமிஷம் அடுப்பை அணைக்கிறார்கள். மத்தியானத்தில் தெருவில் ஒரு நீல நாக்கு கிடையாது.

வால்வுதான் கெட்டுவிட்டது என்று அலுவலகத்தில் முடிவு செய்து, கிடங்கிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். சபர்கெல்தி பழையதைக் கழற்றி, புதியதன் மரையில் சணல் சுற்றி, வெள்ளைச் சாயம் தடவி முறுக்கிக்கொண்டிருந்தபோது, போஸ்தான் அக்கா மதில்மேல் தலையை வைத்து வேடிக்கை பார்த்தாள். நிஜமாகவே தலை மட்டும்தான் தெரிந்தது, யாரோ வாங்கி வைத்த பூசணிக்காய் மாதிரி.

"சணல் கொஞ்சமா சுத்துற மாதிரி இருக்கே."

"போதும்க்கா."

"எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்ப இதைவிட ரெண்டு சுத்து அதிகமா சுத்துவாரு."

"அவரு லாரி டிரைவர்ல?"

"டிரைவர்னா சணல் சுத்தக் கூடாதா?"

அவன் பம்பால் காற்றடித்து, தண்ணீர்க் குழாயில் மட்டம் பார்த்து, சரியான அளவில் வால்வு திறக்கும்படி ஸ்பிரிங்கை வைத்தான். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினான். ஒரு குமிழிகூட வரவில்லை. எழுந்து நிற்க மதிலைப் பிடித்துக்கொண்டான். மத்தியானம் வந்தது. பெட்டி சீறியது.

"புதுசுக்கு நல்ல குரல்வளம்" என்றாள் போஸ்தான் அக்கா போனில்.

அப்போதுதான் அவன் ரெகுலேட்டரைத் திறந்து பார்த்தான். உள்ளே அடைத்து நிறுத்தவேண்டிய ரப்பர் வில்லை தேய்ந்து விளிம்பு உதிர்ந்திருந்தது. தெருவில் யாரும் வாயு எடுக்காதபோது முழுதாக மூட அதனால் முடியவில்லை. சொட்டுச் சொட்டாக உள்ளே கசிந்து அழுத்தம் ஏறியது. வால்வு பாவம், அது சொல்லவேண்டியதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ரப்பர் வில்லை கிடங்கில் இல்லை. தலைநகருக்கு எழுதியாகிவிட்டது, வரும் என்றார் கிடங்குக்காரர். அவர் வரும் என்று சொன்ன சாமான்களுக்காகக் காத்திருந்தே ஓய்வு பெற்றவர்கள் அந்த அலுவலகத்தில் இருக்கிறார்கள்.

அன்றைக்குச் சபர்கெல்தி என்ன செய்தான் என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் தெருவுக்குத் தெரியும். போஸ்தான் அக்கா மதிலில் இருந்தாளே. வால்வின் மூடியைக் கழற்றினான். ஸ்பிரிங்கை அழுத்தும் திருகை முறுக்கிவிட்டால் வால்வு லேசில் வாயைத் திறக்காது. செய்யக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற காரியம் அது. ஆனாலும் ஸ்பேனரை வைத்து நன்றாக முறுக்கினான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ராத்திரியில் முலாம்பழம் தின்றால் வயிறு வலிக்கும் என்று தெரிந்தே தின்கிறவர்கள் இல்லையா, அந்த மாதிரி. களைப்பு.

பெட்டி வாயை மூடியது. போஸ்தான் அக்கா தந்தூரில் சுட்ட ரொட்டி அனுப்பினாள். அன்னாதுர்தி விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார். சபர்கெல்தியின் மனைவி ஒகுல்தாச் அவன் துணிகளை மடித்துப் பையில் வைத்து, "சேத்துல படுக்கப் போற ஆளுக்கு இஸ்திரி வேற" என்றாள்.

ரயில் மறுநாள். அன்றைக்குப் பார்த்துத் தெருவில் கல்யாணம். ஆலைக் கணக்கர் வீட்டுப் பையனுக்கு. கொப்பரைகள் வெளியே விறகில் ஏறிவிட, எல்லா வீட்டுப் பெண்களும் அங்கேயே சாப்பாடு, அங்கேயே டீ, அங்கேயே வம்பு என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. தெருக் குழாயில் கசிந்து கசிந்து அழுத்தம் ஏறியது. முறுக்கிய வால்வு வாயைத் திறக்கவில்லை. பாட்டுச் சத்தத்தில் மூன்றாவது வால்வு விழுந்தது யாருக்கும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பியவர்கள் டீ போட அடுப்பைத் திருகினார்கள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினார்கள். தீக்குச்சியைக் கிழித்துத் திட்டினார்கள். பிறகு கல்யாண வீட்டில் வெந்நீர் கிடைக்கும் என்று கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதிப் பேர் திருகியதை மூடவே இல்லை. மூடும் பழக்கம் வந்து எத்தனை நாளாகிறது.

போன் வந்து கிளம்பி வந்த சபர்கெல்தி பெட்டியைத் திறந்து விழுந்து கிடந்த வால்வைப் பார்த்தான். தன் கைவேலை என்று புரிந்தது. அதைத் தூக்கிவிட ஒரு நிமிஷம் போதும். ஆனால் தூக்கிய உடனே, திறந்து கிடக்கும் ஒவ்வொரு அடுப்பு வழியாகவும் வாயு சத்தமில்லாமல் வீட்டை நிரப்பும். யாராவது வந்து விளக்குப் போட்டால் போதும். எனவே முதலில் வீடு வீடாகப் போய் எல்லாக் குழாயையும் தன் கையால் மூட வேண்டும். தெரு நீளம். அவன் முழங்காலுக்கு அது இன்னும் நீளம்.

"எங்க வீட்ல மூடித்தான் இருக்கு" என்று வாசலிலேயே சொன்னார்கள் எல்லோரும். உள்ளே போய்ப் பார்த்தால் பாதி வீடுகளில் நாலு அடுப்பும் முழுசாகத் திறந்திருக்கும். பள்ளித் தலைமையாசிரியர் வீட்டில், மீட்டருக்கு முன்னாலேயே குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து அலமாரிக்குப் பின்னால் போயிற்று.

"இது என்ன சார்?"

"அது... பழைய குழாய். அழகுக்கு விட்டிருக்கோம்."

சபர்கெல்தி அந்த அழகையும் மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். அபராதம் எழுதுகிற தெம்பு அவனுக்கு இல்லை. உட்காரச் சொல்லி டீ கொடுக்க முடியாத நிலையில் எல்லோரும் அவனை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயந்து அவன் நின்றுகொண்டே இருந்தான்.

கடைசி வீடு போஸ்தான் அக்காவுடையது. முன்கட்டு அடுப்பைக் காட்டிவிட்டு, பின்கட்டுக் கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"அங்க ஒண்ணும் இல்ல தம்பி. மூட்டை முடிச்சு."

"பாக்காம நான் வால்வைத் தூக்க முடியாதுக்கா. நாளைக்கு உங்க வீடு இருக்காது."

அவள் நகர்ந்தாள். மூட்டைகளுக்கு நடுவே ஒற்றை அடுப்பு ஒன்று, மீட்டருக்கு முன்னாலிருந்து வரும் குழாயில். சுவர் முழுக்கப் பழைய கரி. குழாய் மூடித்தான் இருந்தது.

"எவ்வளவு நாளா எரிஞ்சது இது?"

"எங்க கல்யாணத்தப்ப அவரு பத்த வச்சது. மீட்டர் வந்தப்ப எல்லாரும் அணைச்சாங்க. எனக்கு மனசு வரல. சோதனைக்கு ஆள் வராங்கன்னு பேச்சு வந்துச்சுல்ல, அப்பதான் அணைச்சேன்."

"எப்ப அது?"

"நோவ்ருஸ் பண்டிகை முடிஞ்ச கையோட."

சபர்கெல்தி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். பெட்டி சீற ஆரம்பித்ததும் நோவ்ருஸ் முடிந்த கையோடுதான். ரப்பர் எப்போதோ தேய்ந்துவிட்டது. அதில் கசிந்ததையெல்லாம் இந்தத் திருட்டு அடுப்பு எரித்துத் தீர்த்துக்கொண்டிருந்தது. அவன் இதைச் சொன்னதும் போஸ்தான் அக்கா முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

"அப்ப உங்க ஆபீஸ் வேலைய இத்தனை நாளா நான்தான் சம்பளம் இல்லாம பாத்திருக்கேன்."

"திருட்டு கேஸுக்கா இது."

"திருட்டுத்தான். நாளைக்கு உனக்கு ரயில் இருக்கா இல்லையா?"

அவள் மூட்டையில் எதையோ தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டு மேலே பேசினாள். "நான் இதைப் பத்த வைக்கிறேன். அதுபாட்டுக்கு எரியும். உன் பெட்டி கத்தாது. நீ போய்ச் சேத்துல படு. நீ ஒண்ணும் பாக்கல, நான் ஒண்ணும் சொல்லல. முறுக்கினதையும்தான்."

முறுக்கியதை அவன் அன்றைக்கே பழைய அளவுக்குத் தளர்த்திவிட்டான். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் மட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து வைத்தான். பிறகு விழுந்து கிடந்த வால்வைத் தூக்கி, வாயுவை மெல்லத் திறந்து, மறுபடி வீடு வீடாகப் போய் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தான். கடைசியாகப் பின்கட்டில் தீக்குச்சி கிழிக்கும் சத்தம் கேட்டபோது, அவன் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பவில்லை.

மறுநாள் அவன் ரயில் ஏறினான். பெட்டி கத்தவில்லை. அலுவலகக் கூட்டத்தில் அன்னாதுர்தி, வால்வை அளவாக வைப்பது எப்படி என்று சபர்கெல்தியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றாராம்.

மொல்லகாராவில் சேறு கறுப்பாக, இளஞ்சூடாக இருந்தது. முழங்கால் முதன்முறையாகத் தன்னுடையதில்லாத மாதிரி கிடந்தது. அங்கே பணி செய்யும் ஆள், சேற்றில் கிடப்பவர்களின் போன்களைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, மணி அடித்தால் காதில் வைப்பான். சபர்கெல்தியின் போன்தான் அதிகம் அடித்தது.

"தம்பி, பின்கட்டுல அனல் தாங்கல. அணைச்சா கத்துது, பத்த வச்சா வேகுது. மரி ஊர்ல மக வீட்ல பேரனுக்குச் சுன்னத்து விசேஷம். எரியுற அடுப்பை விட்டுட்டுப் போக முடியுமா? காத்துல அணைஞ்சு போச்சுன்னா? நான் இந்த அடுப்புக்குக் காவலா?"

"அணைச்சிட்டுப் போங்கக்கா. அது கத்தட்டும். அதுக்குத்தான் அது இருக்கு."

"தெருவே திட்டுமே."

"அன்னாதுர்தி நம்பர் தரேன், எழுதிக்குங்க."

பணியாள் போனைத் துணியில் சுற்றினான். "யாருண்ணே, வீட்லயா?"

"இல்ல. கேஸ் பெட்டி."

இரண்டு நாள் மணியே அடிக்கவில்லை. மூன்றாம் நாள் பணியாள் போனைத் தன் காதிலேயே வைத்துக் கேட்டுவிட்டு, குனிந்து சொன்னான்.

"அன்னாதுர்தியாம். பெட்டி கத்துதாம், போன் நிக்கவே இல்லையாம். ரப்பர் வந்திருச்சாம். அதை மாட்டத் தெரிஞ்சவங்க வேற யாரும் இல்லையாம். இன்னிக்கு வண்டியிலயே கிளம்பச் சொல்றாங்க."

சபர்கெல்தி கண்ணைத் திறக்கவில்லை.

"சேறு இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி?"

"கால் மணி நேரம் இருக்கும்."

"அது முடியட்டும்னு சொல்லு."